'நேட்டிவ் சன்' நாவல்: அந்த எட்டு டாலர் வாடகையைப் பற்றிப் பேசுவோம்

மூக்கனேரி (இழையைத் தொடங்கியவர்)

இந்த மாதத்துக்கென்று எடுத்துக்கொண்ட 'நேட்டிவ் சன்' நாவலைப் பாதிப் பேராவது முடித்திருப்பீர்கள். முடிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள், கதை முழுவதையும் இங்கே உடைத்துப் பேசப்போகிறோம்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் எழுதி 1940 மார்ச்சில் வெளிவந்தது. களம் சிகாகோ நகரத்தின் தெற்குப் பக்கம். கறுப்பர்கள் அந்த எல்லையைத் தாண்டி வீடு பிடிக்க முடியாத காலம். ஒரே அறையில் அம்மா, தங்கை வேரா, ஒரு தம்பி, இருபது வயது பிக்கர் தாமஸ். பெண்கள் துணி மாற்றும்போது ஆண்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் பெருச்சாளி வருகிறது. பிக்கர் இரும்புச் சட்டியை வீசி அதைக் கொல்கிறான். முதல் சில பக்கங்கள்தான். இடமில்லாமை, வெட்கம், பயம், பயத்தில் கை ஓங்குவது என்று பின்னால் வரப்போகும் அத்தனையும் அதற்குள் இருக்கிறது.

டால்ட்டன் என்ற கோடீஸ்வரர் வீட்டில் அவனுக்கு டிரைவர் வேலை கிடைக்கிறது. முதல் நாள் இரவே அவருடைய மகள் மேரியும் அவள் நண்பன் ஜானும் பிக்கரைத் தங்களோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்கிறார்கள், குடிக்கச் சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான். அவனுக்கோ உடம்பெல்லாம் கூசுகிறது. போதையில் நடக்க முடியாத மேரியை அவள் அறைக்குத் தூக்கிப் போகிறான். பார்வையில்லாத அவள் அம்மா உள்ளே வருகிறார். வெள்ளைக்காரப் பெண்ணின் படுக்கையறையில் கறுப்பன் ஒருவன் அகப்பட்டால் என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். மேரி சத்தம் போட்டுவிடக் கூடாதென்று தலையணையை முகத்தில் அழுத்துகிறான். செத்துவிடுகிறாள். உடலை வீட்டுக் கணப்பு உலையில் போட்டு எரிக்கிறான்.

ஆனால் நான் பேச நினைப்பது வாடகையைப் பற்றி. அந்த எலிப் பொந்துக்கு பிக்கர் குடும்பம் வாரம் எட்டு டாலர் கொடுக்கிறது. பணம் போய்ச் சேருகிற நிறுவனம் டால்ட்டனின் கையில் இருப்பது. அதே டால்ட்டன் கறுப்பர்களின் படிப்புக்கு ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தவர். அவர்களுடைய இளைஞர் மன்றத்துக்கு பிங்-பாங் மேசை வாங்கித் தந்தவர். பிக்கர் பிடிபட்ட பிறகு நடக்கும் மரண விசாரணையில் அவனுடைய வக்கீல் மேக்ஸ் டால்ட்டனைக் கேட்கிறார்: கறுப்பர்களிடம் ஏன் இவ்வளவு வாடகை? வீட்டுத் தட்டுப்பாடு என்கிறார். வேறு பகுதியில் அவர்களுக்கு ஏன் வீடு தருவதில்லை? அவர்கள் ஒன்றாக இருந்தால்தான் சந்தோஷமாக இருப்பார்கள் என்கிறார். வாடகையைக் குறைப்பது மற்ற உரிமையாளர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது என்கிறார். தான் பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

நான் புரிந்துகொண்டது இது: ரைட் பிக்கரை விட்டுவிடச் சொல்லவில்லை, கூண்டில் இன்னொருவரையும் ஏற்றச் சொல்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை தறி

அண்ணா, நான் இதை ஒத்துக்க மாட்டேன்.

எங்க அப்பா தறி ஓட்டினவர். முதலாளிகிட்ட வாங்குன முன்பணம் கழியவே கழியாது. தறி, அடுப்பு, படுக்கை எல்லாம் ஒரே இடம். எங்க தெருவுல பட்டினியோட படுத்து எழுந்திரிக்காத வீடு இல்லை. அதுல எத்தனை பேர் கொலைகாரன் ஆனான்? வறுமைதான் கொலை செய்ய வைக்குதுன்னு எழுதினா, ஏழையைப் பார்த்தாலே கதவைச் சாத்துறவனுக்கு அது ஒரு சாக்காத்தானே போகும்?

மேரியைக் கொன்னது பயத்துல, சரி. அவன் காதலி பெஸ்ஸியை? தன்னை நம்பி வந்தவளைப் பலாத்காரம் பண்ணி, செங்கல்லால மண்டையில அடிச்சு, ஜன்னல் வழியா கீழே தூக்கிப் போட்டான். அவளும் கறுப்பு, அவளும் ஏழை. அதுக்கும் டால்ட்டனைத்தான் கூண்டுல ஏத்துவீங்களா?

குகை வாசகி

தம்பி கேட்டது சரியான கேள்வி. ஆனால் வறுமை இருந்தால் கொலை நடக்கும் என்று ரைட் கணக்குப் போடவில்லை. அதே அறையில்தானே வேராவும் வளர்ந்தாள்? அவள் தையல் வகுப்புக்குப் போகிறாள். அம்மா வேதப் பாட்டில் ஆறுதல் தேடுகிறாள். பெஸ்ஸி வெள்ளைக்காரர் வீட்டில் முதுகு ஒடிய வேலை செய்துவிட்டு, மிச்ச நேரத்தைக் குடியில் கரைக்கிறாள். ஒரே சுவருக்குள் நாலு பேர் நாலு விதமாக மூச்சு விடப் பார்க்கிறார்கள். இந்தப் பெண்களைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டுத்தான் அவர் பிக்கரின் கதையைச் சொல்கிறார்.

வறுமையோடு இன்னொன்று சேருகிறது. நாவலின் தொடக்கத்தில் பிக்கரும் கூட்டாளிகளும் தெருவில் நின்று வானத்தில் விமானம் புகையால் எழுதுவதைப் பார்ப்பார்கள். தனக்கும் வாய்ப்புக் கொடுத்தால் ஓட்டுவேன் என்பான். வெள்ளைக்காரன் கடையைக் கொள்ளையடிக்கத் திட்டம் போட்டிருப்பார்கள். அதுவரை தங்கள் ஆட்களிடம் மட்டுமே திருடியவர்கள், வெள்ளைக்காரன் என்றதும் நடுங்குகிறார்கள். அந்த நடுக்கத்தை வெளியே காட்ட முடியாமல் பிக்கர் தன் நண்பன் கஸ்ஸின் கழுத்தில் கத்தி வைக்கிறான். பயம் மேலே போக வழியில்லாமல் பக்கத்தில் இருப்பவன்மேல் பாய்கிறது. பெஸ்ஸிக்கு நடந்ததும் அதுவே, இன்னும் கொடூரமாக.

பெஸ்ஸியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். மேரியின் மரணத்தைப் பற்றிய விசாரணையில் பெஸ்ஸியின் சிதைந்த உடலை மண்டபத்துக்குள் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அவளுக்கு நியாயம் கேட்க அல்ல. பிக்கர் எப்பேர்ப்பட்ட மிருகம் என்று காட்ட, மேரி வழக்குக்கு ஒரு சாட்சியமாக. பிக்கருக்கே அது புரிந்துவிடுகிறது: பெஸ்ஸியை மட்டும் கொன்றிருந்தால் இந்தக் கூட்டம் கூடியிருக்காது. நம்மூரில் காட்டுக்குள் ஒரு பெண் பிணம் கிடந்தால், அவள் எந்தத் தெரு என்று தெரிந்த பிறகுதானே செய்தி எத்தனை பத்தி என்று முடிவாகிறது?

ரைட்மேல் எனக்குக் கோபமும் உண்டு. பெஸ்ஸிக்கு அவர் ஒரு முழு மனதைக் கொடுக்கவில்லை. அழுகிறாள், குடிக்கிறாள், பயப்படுகிறாள், சாகிறாள். பிக்கரின் மனதுக்குள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் உட்கார்ந்திருக்கத் தெரிந்தவருக்கு, அவளோடு பத்துப் பக்கம் உட்காரத் தோன்றவில்லை.

சேர்வராயன் அடிவாரம்

வணக்கம். ஏற்காட்டு மலைக்காரன் நான். இங்கே படிக்கிறதோட சரி, எழுதுறது குறைவு. இதுல எழுதணும்னு தோணுச்சு.

2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டுல ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்னது உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். செம்மரம் வெட்ட வந்தவங்கன்னு சொன்னாங்க. திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து மலை ஊர் ஆளுங்கதான் அதுல பெரும்பாலும். சில பேரை பஸ்ஸுல இருந்தே இறக்கிக் கூட்டிட்டுப் போனாங்கன்னு தப்பி வந்தவங்க மனித உரிமை ஆணையத்துல சொன்னாங்க.

ஜவ்வாது மலை, சித்தேரி, கல்வராயன், எங்க சேர்வராயன் எல்லாம் ஒரே சனம்தான். மானாவாரி நிலம், மழை பொய்ச்சா வேலையில்லை. ஏஜென்ட் வந்து வீட்டுல ஒரு தொகை கொடுத்துட்டு ஆளைக் கூட்டிட்டுப் போவான். போறவனுக்கு அது தப்புன்னு தெரியும், அதை நான் மறைக்கலை. ஆனா வெட்டுனவன்தான் செத்தான். கட்டையை வாங்கிக் கப்பல்ல ஏத்துறவன் பேர் எந்தப் பேப்பர்லயும் என் கண்ணுல படலை. 'கூண்டில் இன்னொருவரை ஏற்றச் சொல்கிறார்'னு மூக்கனேரி எழுதினதைப் படிச்சதும் எனக்கு இதுதான் வந்துச்சு.

எங்க மலையில காப்பி வந்தது 1820-கள்ல, சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துல. அதுக்கப்புறம் எஸ்டேட் பெருகப் பெருக, எங்க பாட்டன் மாடு மேய்ச்ச இடத்துக்கெல்லாம் கேட் போட்டாங்க. கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தவனுக்குத்தான் பிக்கர் ஏன் வானத்துல போற விமானத்தையே பார்த்துட்டு நிக்கிறான்னு விளங்கும்.

ஜங்ஷன் வாத்தியார்

மலைக்காரத் தம்பி தொட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் வரலாறு நடத்தியவன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வட இந்தியாவில் வந்தது. 1911-ல் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். நம் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்பார்கள். குறிப்பிட்ட சாதியில் பிறந்துவிட்டால் கைரேகை கொடுக்க வேண்டும், ஊரைவிட்டு ஊர் போக அனுமதி வாங்க வேண்டும், பல இடங்களில் இரவு ஸ்டேஷனுக்குப் போய் ஆஜர் காட்ட வேண்டும். நாடு முழுக்க இந்தச் சட்டத்தை 1952-ல் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் தமிழக அரசின் சீர்மரபினர் (முன்பு அந்தச் சட்டத்தில் சிக்கியிருந்த சமூகங்கள்) பட்டியலைத் திறந்து பாருங்கள்: 'சேலம் மேல்நாடு குறவர்', 'சேலம் உப்புக் குறவர்' என்று நம் ஊர்ப் பெயரோடு இரண்டு சமூகங்கள் இருக்கும்.

உப்புக் குறவர் என்ற பெயர் எதனால்? கடற்கரையிலிருந்து பொதிமாட்டிலும் கழுதையிலும் உப்பு ஏற்றிவந்து உள்நாட்டு ஊர்களில் தானியத்துக்கு மாற்றியவர்கள். ரயில் வந்தது, உப்பு ரயிலில் ஏறியது. அரசாங்கத்தின் உப்புக் கொள்கை மிச்சத்தைப் பிடுங்கியது. 1876-78 தாது வருடப் பஞ்சம் சேலம் ஜில்லாவைச் சூறையாடியது. பிழைப்பு போனவர்களை ஊர் ஊராகத் திரிகிறவர்கள் என்றும், திரிகிறவர்களைத் திருடர்கள் என்றும் எழுதிவைத்தது அதே அரசாங்கம். வறுமையை உண்டாக்கிய கையும் குற்றவாளி என்று முத்திரை குத்திய கையும் ஒன்று. டால்ட்டன் வாடகை வாங்கியதும் பிங்-பாங் மேசை கொடுத்ததும் ஒரே கைதானே.

நாவலுக்கே வருகிறேன். அதில் செய்தித்தாள்கள் பிக்கரைக் குரங்கு போல வர்ணிக்கும் பகுதி ரைட்டின் கற்பனை இல்லை. அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, 1938-ல், ராபர்ட் நிக்ஸன் என்ற கறுப்பு இளைஞன் சிகாகோவில் கொலை வழக்கில் கைதானான். அப்போது பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. ரைட் அந்தத் துணுக்குகளைச் சேகரித்து வைத்துப் பயன்படுத்தினார். நாவல் வருவதற்கு முன்பே, 1939-ல், நிக்ஸனுக்கு மரண தண்டனை நிறைவேறிவிட்டது.

கொலுசுப் பட்டறை

வாத்தியார் சொன்ன முத்திரை 1952-ல போகலைங்க. எங்க தொழில்ல வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பாங்க, கொலுசா எடை போட்டு வாங்குவாங்க. நடுவுல சேதாரம். எடை குறைஞ்சா எல்லார் கண்ணும் யார் மேல போகும்னு முன்கூட்டியே முடிவு ஆயிருக்கும். எங்க பட்டறையில ஒரு தடவை அப்படித்தான். கூட வேலை செஞ்ச பையனைச் சாதியை வச்சே கூட்டிட்டுப் போய் அடிச்சாங்க. வெள்ளி வேற இடத்துல கிடைச்சது. அவன் திரும்பி வேலைக்கு வரலை.

இப்போ பூட்டுன வீட்டுல திருட்டுப் போனா வாட்ஸ்அப் குரூப்புல முதல் மெசேஜ் 'வடக்கன் வேலையா இருக்கும்'னு வருது. யாரு பார்த்தா? ஷெட்டுல பத்துப் பதினைஞ்சு பேரா படுத்துக் கிடக்கிறவனைப் பத்தி நம்ம பேசுற பேச்சைக் கேட்டா டால்ட்டன் பேசுற மாதிரியே இருக்கு: 'அவங்களுக்கு அப்படி இருந்துதான் பழக்கம்'.

அஸ்தம்பட்டி வக்கீல்

சட்டப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மேக்ஸ் 'குற்றவாளி இல்லை' என்று வாதாடவே இல்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி, ஜூரி இல்லாமல் நீதிபதி முன்னால் தண்டனையைக் குறைக்க மட்டும் வாதாடுகிறார். சாவு வேண்டாம், ஆயுள் கொடுங்கள் என்கிறார். ஆகவே அம்மாப்பேட்டைத் தம்பி பயப்படுவது போல் 'வறுமை, ஆகையால் விடுதலை' என்ற வாதம் அந்த நாவலில் எங்கும் இல்லை.

நம் நாட்டில் 1980-ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மரண தண்டனை கொடுக்கும் முன் குற்றத்தை மட்டும் பார்க்காதே, குற்றவாளியையும் பார் என்றது. நடைமுறையில் என்ன நடந்தது? தீர்ப்புச் சொன்ன கையோடு தண்டனை. அவன் எங்கே பிறந்தான், என்ன படித்தான், யார் வளர்த்தார்கள் என்று ஒரு தாளும் நீதிபதி முன் இருக்காது. 2022-ல் மனோஜ் வழக்கில்தான் அந்த விவரங்களைக் கேட்டு வாங்கியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. மேக்ஸ் பல பக்கங்களுக்குப் பேசியது அந்தத் தாளைத்தான். தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் மரண தண்டனைக் கைதிகளைச் சந்தித்து வெளியிட்ட அறிக்கையில், அவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். பணக்காரன் கொலையே செய்வதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள முடியுமா?

நான் ஜாமீன் எடுக்கும் பையன்களில் பலருக்குக் கையெழுத்துப் போட இரண்டு பேர் கிடைப்பதில்லை. அதனாலேயே உள்ளே கிடக்கிறார்கள். வெளியே வரும்போது, உள்ளே போனபோது தெரியாத ஆட்களெல்லாம் பழக்கமாகியிருக்கிறார்கள். பிக்கரும் டயர் திருடியதாகச் சீர்திருத்தப் பள்ளிக்குப் போய் வந்தவன்தான்.

அம்மாப்பேட்டை தறி

வக்கீல் சார் சொன்னது புரியுது. ஆனா எனக்கு உறுத்துறது வேற. பிக்கருக்கு ஒரு நல்ல குணமாவது வச்சிருக்கலாமே? அம்மாவை மதிக்க மாட்டான், தங்கச்சியை மயக்கம் போட வைப்பான், நண்பனைக் கத்தியால மிரட்டுவான். கறுப்பனைப் பத்தி வெள்ளைக்காரன் ஏற்கெனவே நினைச்சிட்டிருக்கிறதையே அச்சுப் போட்டுக் கொடுத்த மாதிரி இல்லையா?

குகை வாசகி

இதை 1949-லேயே ஜேம்ஸ் பால்ட்வின் எழுதிவிட்டார். ரைட்டால் கைதூக்கிவிடப்பட்ட இளம் எழுத்தாளர் அவர், அந்தக் கட்டுரைக்குப் பிறகு இருவருக்கும் உறவு கெட்டது. தன்னை மனிதனுக்குக் கீழே வைத்த நம்பிக்கையைப் பிக்கரும் ஏற்றுக்கொண்டுவிட்டான், அதுதான் அவனுடைய துயரம் என்பது பால்ட்வினின் வாதம். எனக்கு அதில் பெரும்பகுதி உடன்பாடு. தறித்தெருவில் பட்டினிக்கு நடுவிலும் சிரிப்பும் கல்யாணமும் திருவிழாவும் உண்டு. பிக்கரின் உலகத்தில் அது எதுவும் இல்லை. அத்தனை கறுப்பர்கள் பாட்டும் சபையும் பேச்சுமாக வாழ்ந்த ஊர் அது.

மூக்கனேரி

ரைட் அதை வேண்டுமென்றே செய்தார் என்று நினைக்கிறேன். 1938-ல் வந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பைப் படித்துவிட்டு வசதியான வீட்டுப் பெண்கள் அழுதார்களாம், அழுததும் மனது லேசாகிவிட்டதாம். அடுத்த புத்தகத்தை யாரும் கண்ணீர்விட்டு ஆறுதல் அடைய முடியாதபடி எழுதுவேன் என்று உறுதி எடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். நல்லவனான ஏழைக்கு இரக்கப்படுவது சுலபம். இரக்கம் காட்ட முடியாத ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி, இவனையும் உங்கள் ஊர்தான் வளர்த்தது என்று சொல்வதற்குத்தான் துணிச்சல் வேண்டும். 'மண்ணின் மகன்' என்று பொருள்படும் நாவலின் பெயரும் அதையே சொல்கிறது.

அந்த பிங்-பாங் மேசையும் அவர் கண்ணால் கண்டது. ரைட் 1930-களில் அப்படியொரு இளைஞர் மன்றத்தில் வேலை பார்த்தவர். பையன்கள் வெளியே சுற்றிச் சொத்துக்குச் சேதம் செய்யாமல் இருக்கத்தான் பணக்காரர்கள் காசு கொடுத்தார்கள் என்று பின்னாளில் எழுதினார்.

அம்மாப்பேட்டை தறி

சரி, துணிச்சல்தான். இருந்தாலும் பெஸ்ஸி விஷயத்துல என் மனசு மாறலை. அந்த வீட்டை வாடகைக்கு விட்டது டால்ட்டன், செங்கல்லை எடுத்தது பிக்கர். ரெண்டையும் ஒண்ணாக் குழப்பாம பேசணும்.

வக்கீல் சார்கிட்ட ஒரு கேள்வி. டால்ட்டனைக் கூண்டுல ஏத்தணும்னு ஆளாளுக்குச் சொல்றீங்க. எந்தச் சட்டத்துல ஏத்துவீங்க?

அஸ்தம்பட்டி வக்கீல்

1940-ல் எதிலும் ஏற்ற முடியாது. கறுப்பர்களுக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள், அமெரிக்க நீதிமன்றங்கள் அதை அமல்படுத்தவும் செய்தன. 1948-ல், ஷெல்லி வழக்கில்தான், நீதிமன்றங்கள் இனி அதற்குத் துணைபோகக் கூடாது என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொன்னது. டால்ட்டன் எந்தச் சட்டத்தையும் மீறாதவர். மேக்ஸின் சங்கடமே அதுதான்.

நம்மிடம் ஒரு சட்டம் இருக்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1976. முன்பணம் கொடுத்து, அது கழியும்வரை வேறு இடத்துக்குப் போகவிடாமல் குறைந்த கூலிக்கு வேலை வாங்கினால், அந்தக் கடனே செல்லாது. அப்படி வேலை வாங்கிய முதலாளிக்கு மூன்று வருடம்வரை சிறை. உங்கள் அப்பாவின் முன்பணக் கணக்கு நோட்டு வீட்டில் இருக்கிறதா, தம்பி?

அம்மாப்பேட்டை தறி

அப்பா நோட்டு இல்லைங்க சார். நோட்டு எப்பவும் முதலாளிகிட்டதான் இருக்கும். ஆனா பக்கத்து வீட்டுல இப்பவும் ஒருத்தர் அதே மாதிரிதான் ஓட்டிட்டிருக்கார். அவர்கிட்ட பேசிட்டு உங்களுக்கு போன் பண்றேன்.